பிஸ்டல் கைக்கு ஒட்டவில்லையா? .22 டார்கெட் பிஸ்டலில் கிரிப் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

புதிதாக .22 (0.22 அங்குலத் தோட்டா) பிஸ்டல் பிடிக்க வருபவர்களில் பாதிப்பேர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த பிஸ்டல் நல்லது?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. பார்டினியில் 600க்கு 570 தாண்டுகிறவர் வால்தரில் 550க்குத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு நேர் எதிராகவும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே ஒலிம்பிக் தரத் துப்பாக்கிகள்தான். வித்தியாசம் கையில் இருக்கிறது. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம்: கிளப்பில் இப்போது நீங்கள் பிடித்திருக்கும் பிஸ்டல் உங்கள் கையோடு எங்கே சண்டை போடுகிறது? அது தெரிந்தால் அடுத்து எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்பது தானாகத் தெளிவாகும்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. .22 பிஸ்டல் வாங்க ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். செருப்புக் கடையில் போட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பது போல இங்கே நடக்காது. வாங்கிவிட்டால் வாங்கியதுதான். ஆகவே சோதனை முழுவதையும் கிளப் துப்பாக்கியிலும், நண்பர்களின் துப்பாக்கியிலும் (அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே) முடித்துக்கொள்ள வேண்டும்.

கீழே வலம், இடம் என்று சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். சோதனைகள் எல்லாமே காலித் துப்பாக்கியில், ரேஞ்சில், குழல் டார்கெட் பக்கம் பார்த்திருக்கச் செய்ய வேண்டியவை. மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, ரேஞ்ச் ஆபீசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இன்னொன்று: பல ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் காலியாக ட்ரிக்கர் இழுத்தால் ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் போய் அடிக்கும். தோட்டாவின் விளிம்பை அடிப்பதற்காகச் செய்த பின் அது. தோட்டா இல்லாவிட்டால் இரும்பைத்தான் அடிக்கும். டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் ட்ரிக்கர் இழுப்பது) வசதி உள்ள மாடலா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டம்மி தோட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: மேகசின் எங்கே இருக்கிறது?

அறிகுறிகளுக்குப் போகும் முன் துப்பாக்கியை ஒருமுறை பக்கவாட்டில் பாருங்கள். வால்தர் ஜிஎஸ்பி, பார்டினி எஸ்பி, ஃபைன்வெர்க்பாவ் ஏடபிள்யூ93, மொரினி சிஎம்22 போன்றவற்றில் மேகசின் ட்ரிக்கருக்கு முன்னால் இருக்கும். ஹாமர்லி 208, ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41, ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக்மார்க் போன்றவற்றில் அது கைப்பிடிக்குள்ளேயே போகும்.

பார்க்கச் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இந்தக் கட்டுரையின் பாதி இதில்தான் நிற்கிறது. மேகசின் முன்னால் இருந்தால் கிரிப், அதாவது கைப்பிடி, கிட்டத்தட்ட வெறும் மரம். அதைச் சிறிதாக்கலாம், சாய்க்கலாம், திருப்பலாம், எக்ஸ்ட்ரா ஸ்மாலில் இருந்து லார்ஜ் வரை மாற்றலாம், ஜெர்மனியின் ரிங்க் போன்ற கிரிப் தயாரிப்பாளர்களிடம் கையின் அளவு அனுப்பிச் செய்துகொள்ளலாம். மேகசின் கைப்பிடிக்குள் இருந்தால் நடுவில் ஓர் உறுதியான கூடு உண்டு. அதற்கு மேல் மரம் சேர்க்கலாமே தவிர, அதற்குக் கீழே குறைக்க முடியாது. பெரிய கை என்றால் இரண்டும் ஒத்துவரும். சின்னக் கைக்கு இரண்டாவது வகையில் சில கோளாறுகள் தீரவே தீராது. எந்தெந்தக் கோளாறு என்று வரும்போது சொல்கிறேன்.

அறிகுறி: கண்ணைத் திறந்தால் முன் சைட் மேலேயோ கீழேயோ நிற்கிறது

எல்லாச் சோதனைக்கும் தாய் இதுதான். டார்கெட்டைப் பார்த்து நின்று பிஸ்டலை உயர்த்துங்கள். முன் சைட் (குழல் முனையில் உள்ள குச்சி) பின் சைட்டின் பள்ளத்தில் சரியாக வந்ததும் கையை இறக்குங்கள். கண்ணை மூடி, மணிக்கட்டை உங்கள் வழக்கம்போலப் பூட்டி, மறுபடி உயர்த்துங்கள். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். திறந்ததும் கை தானாகத் திருத்தப் பார்க்கும். அந்தத் திருத்தத்துக்கு முந்தைய நொடியில் என்ன தெரிந்தது என்பதுதான் பதில். பத்து முறை செய்து, பத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

முன் சைட் பின் சைட்டுக்கு மேலே எழும்பி நின்றால், கிரிப் உங்கள் மணிக்கட்டுக்கு அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. பள்ளத்துக்குள் முங்கிப் போனால் சாய்வு போதவில்லை. இது நுண்ணிய விஷயமாகத் தோன்றினால் ரூகர் மார்க் 4ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அதே துப்பாக்கியை அந்தக் கம்பெனி இரண்டு சாய்வில் விற்கிறது. ஒன்று லூகர் பிஸ்டல்போல நன்றாகச் சாய்ந்தது. மற்றொன்று, 22/45 என்பது, பழைய 1911 ராணுவ பிஸ்டலின் நிமிர்ந்த சாய்வு. ஒன்றில் பழகியவர் இன்னொன்றை எடுத்தால் கண் திறந்ததும் முன் சைட்டைத் தேடுவார்.

திருத்தம்: பார்டினி போல சில மேட்ச் (போட்டி) பிஸ்டல்களில் கிரிப்பின் சாய்வைத் திருகாணியால் கொஞ்சம் மாற்றலாம். முதலில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முன் சைட் முங்கும் கைக்குக் கிரிப்பின் பின்பக்கக் கீழ்ப்பகுதியில், உள்ளங்கையின் அடிமேடு படும் இடத்தில், கொஞ்சம் சதை சேர்க்க வேண்டும். அங்கே சேர்க்கும்போது கிரிப்பின் அடி முன்னால் தள்ளப்படும், குழல் மேலே ஏறும். 1920களில் அமெரிக்க ராணுவம் 1911 பிஸ்டலை 1911ஏ1 ஆக மாற்றியபோது பின்பக்கத்தின் கீழ்ப்பகுதியை வளைவாக்கியதும் இதே காரணத்துக்காகத்தான். சிப்பாய்களின் குண்டு தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. முன் சைட் மேலே எழும்புகிறது என்றால் மாறாக, அதே இடத்தில் குறையுங்கள், அல்லது மேலே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவட்டை படும் இடத்தில் சேருங்கள்.

பின் சைட்டின் திருகைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது. குண்டு எங்கே விழ வேண்டும் என்பதற்குத்தான் அந்தத் திருகு. முன் சைட் பள்ளத்தில் தானாக வந்து உட்கார வேண்டும் என்பது வேறு பிரச்சினை.

அறிகுறி: முன் சைட் பள்ளத்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒட்டுகிறது

அதே கண்மூடிச் சோதனைதான். ஆனால் இங்கே எல்லாரும் ஒரு தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். கண்ணைத் திறந்தபோது சைட் இரண்டும் ஒன்றோடொன்று சரியாகச் சேர்ந்து, மொத்தமாக டார்கெட்டுக்கு இடப்பக்கம் போயிருந்தால் அது கிரிப் அல்ல, கால். பின்காலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். சைட் டார்கெட்டில்தான் இருக்கிறது, ஆனால் முன் சைட் பள்ளத்தின் நடுவில் இல்லை என்றால்தான் கிரிப். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு கிளப் பிஸ்டலின் வால்நட் கிரிப்பை அரத்தால் ராவித் தள்ளினேன். அப்புறம் கோச் வந்து, “தம்பி, காலை நாலு விரற்கடை பின்னால வைடா” என்றார். சரியாகிவிட்டது. மரம் திரும்பி வரவில்லை.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் இரண்டு சைட்டுக்கும் நடுவே அதிகபட்சம் 220 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். முன் சைட் பள்ளத்தில் வெறும் 1 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் 25 மீட்டரில் குண்டு 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். பிரிசிஷன் (நிதானமாகச் சுடும் சுற்று) டார்கெட்டில் 10 வட்டத்தின் குறுக்களவு 5 சென்டிமீட்டர். ஆக நடு 10க்குப் போக வேண்டிய குண்டு 6இல் விழும். அதே சமயம் சைட்டைச் சரியாக வைத்துக்கொண்டு கை மொத்தமாக 4 சென்டிமீட்டர் ஆடினால் அதே குண்டு 9இல் விழும். கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பலர். சைட் கோணுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குறைவு. நல்ல கிரிப் ஆட்டத்தை நிறுத்தாது; கோணலைத்தான் நிறுத்தும்.

திருத்தம்: முன் சைட் இடப்பக்கம் ஒட்டினால், கிரிப்பின் வலப்பக்கத்தில் பின்பகுதியில், உள்ளங்கை மேடு படும் இடத்தில் சேருங்கள். துப்பாக்கியின் பின்புறம் இடப்பக்கம் தள்ளப்பட்டு, குழல் வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் ஒட்டினால் அதே இடத்தில் குறைக்க வேண்டும். ஆனால் குறைப்பதற்கு முன் கையைக் கொஞ்சம் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் கவட்டை சரியான நடுவில் உட்காராததுதான் காரணமாக இருக்கும். முழங்கையில் இருந்து மணிக்கட்டு வழியாகக் குழல் வரை ஒரே நேர்கோடு போகிறதா என்று நண்பரை மேலிருந்து போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைவிட போன் நல்லது, பொய் சொல்லாது.

அறிகுறி: குரூப் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் இடப்பக்கம் போகிறது

சைட் நடுவில்தான் இருந்தது, கண் பார்த்தது, சத்தியம் செய்யத் தயார். ஆனாலும் ஐந்து குண்டும் ஒன்பது மணிப் பக்கம் கூடிக் கிடக்கின்றன. சைட்டின் திருகைத் தொடுவதற்கு முன் ட்ரிக்கரில் விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள மெத்தென்ற பகுதி ட்ரிக்கரின் நடுவில் பட வேண்டும். கிரிப் பெரிதாக இருந்தால் நுனி மட்டும்தான் எட்டும். அது பின்னால் இழுக்காமல் பொதுவாக இடப்பக்கம் தள்ளும். கிரிப் சிறிதாக இருந்தால் விரல் கணு தாண்டிப் போய்ச் சுற்றிக்கொள்ளும். அது வலப்பக்கம் இழுக்கும். இன்னொரு கள்ளன் உண்டு: ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி மரத்தை உரசுவது. விரல் பின்னால் வரும்போது மரத்தையும் கூடவே தள்ளிக்கொண்டு வரும். ஆள்காட்டி விரலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு தடையில்லாமல் போய்வர வேண்டும்.

எங்கள் கிளப்பில் பள்ளிப் பெண் ஒருத்தி இப்படி மூன்று மாதம் சைட்டையே திருப்பிக்கொண்டிருந்தாள். சைட் ஒரு ஓரத்துக்குப் போய் முடிந்துவிட்டது. கடைசியில் ட்ரிக்கர் பிளேடை அதன் தண்டில் 4 மில்லிமீட்டர் பின்னால் கொண்டுவந்தோம். சைட்டை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மேகசின் எங்கே என்று முதலில் கேட்டதற்கு இங்கே பதில் வருகிறது. ஜிஎஸ்பி, பார்டினி போன்றவற்றில் ட்ரிக்கரை முன்னும் பின்னும் நகர்த்தலாம், கிரிப் அளவையும் மாற்றலாம். மாடல் 41, ரூகர் போன்றவற்றில் ட்ரிக்கர் இருக்கும் இடத்தில்தான் இருக்கும், கைப்பிடிக் கூடும் மாறாது. கவட்டையில் இருந்து விரலின் மெத்தைப் பகுதி வரையிலான தூரம் உங்களுக்கு அங்கே எட்டவில்லை என்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானது அல்ல. மெல்லிய பக்கப் பலகை போட்டால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கிடைக்கலாம். அதற்கும் மேல் வேண்டும் என்றால் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு வேறு துப்பாக்கி பாருங்கள்.

அறிகுறி: குண்டுகள் கீழே இடப்பக்கம் சிதறுகின்றன

இதற்கு கிரிப்பைத் தொடாதீர்கள். குரூப்பாக இல்லாமல் ஏழு மணிப் பக்கம் தெறித்தால், சுடும் நொடியில் மொத்தக் கையையும் பிசைகிறீர்கள் என்று அர்த்தம். நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே உங்களுக்குத் தெரியாமல் ஒரு டம்மியைக் கலக்கச் சொல்லுங்கள். டம்மி வரும்போது முன் சைட் தலை குனியும். குனிந்தால் கிரிப்பில் வேலை இல்லை; டிரை ஃபயரில்தான் வேலை.

அறிகுறி: ஐந்து குண்டில் முதல் இரண்டு 10, மற்றவை எங்கேயோ

பிரிசிஷனில் ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. இடையில் கையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்யலாம். ரேபிட் ஸ்டேஜில் (வேகச் சுற்று) ஒவ்வொரு குண்டுக்கும் டார்கெட் மூன்று நொடிதான் தெரியும். ஆண்களுக்கான ரேபிட் ஃபயரில், வேகமான சுற்றில், நான்கு நொடிக்குள் ஐந்து டார்கெட். அங்கே முதல் குண்டின் உதைப்புக்குப் பிறகு கை கிரிப்பில் கொஞ்சம் நழுவினால் திருத்த நேரமே இல்லை. ஆகவே பிரிசிஷனில் தெரியாத கோளாறு ரேபிடில்தான் வெளியே வரும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் நன்றாகச் சுடுகிறவர்கள் .22க்கு வந்ததும் குழம்புவது இங்கேதான். ஏர் பிஸ்டலில் நழுவ வைக்கும் உதைப்பு கிடையாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. உள்ளங்கையில் கோலமாவைத் தடவி, தட்டிவிட்டு, கிரிப்பைப் பிடித்து விடுங்கள். மாவு எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்று பாருங்கள். உள்ளங்கையின் நடுப்பள்ளத்தில் கொஞ்சம் விட்டுப்போவது இயல்பு. ஆனால் கவட்டையில் இடைவெளி இருந்தால், நடுவிரல் ட்ரிக்கர் கார்டுக்கு (ட்ரிக்கரைச் சுற்றிய வளையம்) அடியில் ஒட்டாமல் கீழே நின்றால், உதைக்கும்போது துப்பாக்கி அந்த இடைவெளிக்குள் குதிக்கும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மாதிரி குதிக்கும். முன் சைட் திரும்பி வந்து உட்காரும் இடமும் மாறும். கையை முடிந்த அளவு உயரத்தில், கவட்டை மரத்தோடு அழுந்தும்படி வையுங்கள். அப்படி வைக்கக் கிரிப் இடம் தரவில்லை என்றால் அந்த அளவு உங்களுக்குப் பெரிது.

அளவைப் பற்றி ஒரு விதி. நடுவிரலும் மோதிர விரலும்தான் துப்பாக்கியைப் பிடிக்கின்றன, நேராகப் பின்னால் உள்ளங்கைக்குள் இழுத்து. சுண்டுவிரல் சும்மா இருக்கும், கட்டைவிரல் படுத்திருக்கும். இரண்டு விரல்களின் நுனியும் சுற்றி வந்து உள்ளங்கையைக் குத்தினால் கிரிப் சிறிது. அந்த விரல்களின் நடுக்கணு முன்பக்கத்தில் நேராக உட்காராமல் பக்கவாட்டில் இருந்தே அழுத்தினால் கிரிப் பெரிது. கடைக்காரர் “கொஞ்சம் பெரிசா எடுத்துக்குங்க, குறைச்சுக்கலாம்” என்பார். மேகசின் முன்னால் உள்ள வகைக்கு அது சரியான ஆலோசனைதான்.

வியர்வை தனிக்கதை. மே மாதம் சென்னையில் கூரை போட்ட ரேஞ்சில் நிற்கும்போது, காலையில் ஒட்டிய கிரிப் பதினோரு மணிக்கு மீன்போல வழுக்கும். புதுத் துப்பாக்கியின் கிரிப்பை ஏசி அறையில் பிடித்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மரத்தின் மேல் புள்ளி புள்ளியாகக் குத்திச் சொரசொரப்பாக்கிய கிரிப் வழவழப்பானதைவிட நமக்கு நல்லது. ஒரு துண்டு, கொஞ்சம் சாக்பீஸ் தூள், சுடாத நேரத்தில் கையைக் காற்றாட விடுவது. இதற்கு மேல் மருந்து எதையும் நான் கண்டதில்லை. ரப்பர் கையுறை மாதிரி கிரிப்புகள் விற்கிறார்கள். ரேபிடில் கை ஒட்டிக்கொண்டு, தவறாகப் பிடித்ததைத் திருத்தவே விடாது என்பதால் எனக்குப் பிடிக்காது.

அறிகுறி: காலித் தோட்டா வெளியே வராமல் சிக்குகிறது

“துப்பாக்கி சரியில்லை” என்று திருப்பிக் கொடுக்கப்படும் பிஸ்டல்களில் பல, கை சரியில்லாதவை. .22 பிஸ்டல்களில் பெரும்பாலானவை சுட்ட தோட்டாவின் அழுத்தமே போல்ட்டைப் பின்னால் தள்ளும் எளிய முறையில் வேலை செய்கின்றன. போல்ட் முழுத் தூரம் பின்னால் போக, மற்ற துப்பாக்கி அசையாமல் நிற்க வேண்டும். கிரிப் பெரிதாக, பிடி தளர்ந்து, மணிக்கட்டு மடங்கினால் துப்பாக்கி முழுவதும் போல்ட்டோடு சேர்ந்து பின்னால் போய்விடும்; போல்ட்டுக்குக் கிடைக்கும் தூரம் குறையும். காலித் தோட்டா புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும்.

பிரித்தறிய ஒரே சோதனை: அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே பெட்டித் தோட்டா, வேறு ஆள். அவர் இருபது குண்டு சிக்காமல் சுட்டால் கோளாறு உங்கள் பிடியில். அவருக்கும் சிக்கினால் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள், மேகசினின் உதடுகளைப் பாருங்கள், வேறு தோட்டா போட்டுப் பாருங்கள். வேகமான ஹை வெலாசிட்டி தோட்டா போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேட்ச் பிஸ்டல்களின் ஸ்பிரிங் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி (சாதாரண வேக) தோட்டாவுக்காக அமைந்தது.

கட்டைவிரலையும் பாருங்கள். சில கிரிப்புகளில் கட்டைவிரல் மேடை கொஞ்சம் உயரமாக இருந்தால், நீளமான கட்டைவிரல் போல்ட்டையோ ஸ்லைடையோ உரசி வேகத்தைக் குறைக்கும். விரலில் கறுப்புக் கறை ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி: மணிக்கட்டு வலி, ஐம்பது குண்டுக்குப் பிறகு கை நடுக்கம்

எடையைச் சந்தேகப்படுவது இயல்புதான். விதிப்படி 25 மீட்டர் பிஸ்டல் 1400 கிராம் வரை இருக்கலாம்; ஆனால் பெரும்பாலான மேட்ச் பிஸ்டல்கள் 1 கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கும். அந்த எடையை ஒன்றரை மணி நேரம் தூக்க எல்லாராலும் பழக முடியும். பழகியும் வலிக்கிறது என்றால், எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேகசின் முன்னால் உள்ள துப்பாக்கிகளில் மூக்கு கனமாக இருக்கும். பிரிசிஷனில் அது சைட்டை அமைதியாக்கும், ஆனால் கீழே 45 டிகிரியில் இருந்து மூன்று நொடிக்குள் தூக்கும்போது சின்னக் கைக்குச் சுமை. குழலுக்கு அடியில் கூடுதல் எடைக்கட்டிகள் மாட்டியிருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுட்டுப் பாருங்கள்.

பல நேரங்களில் உண்மையான குற்றவாளி கிரிப்பின் அடியில் உள்ள உள்ளங்கைத் தாங்கி. கை நழுவாமல் இருக்கட்டும் என்று அதை மேலே தள்ளி இறுக்கிவிடுவோம். பத்து நிமிடத்தில் கை சூடாகி லேசாக வீங்கும், தாங்கி நசுக்க ஆரம்பிக்கும். கையைத் தளர்வாக வைத்து, தாங்கியை மேலே ஏற்றி, தொட்டதும் நிறுத்துங்கள்; அதற்கப்புறம் ஒரு தாள் போகும் அளவுக்கு இறக்குங்கள். தாங்கி கையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், இறுக்கமாகத் தைத்த சட்டைக்கை மாதிரி பிடிக்கக் கூடாது.

ட்ரிக்கர் கனமாக இருப்பதாகத் தோன்றினாலும் முதலில் விரல் எட்டுகிறதா என்றுதான் பாருங்கள். 25 மீட்டரில் ட்ரிக்கர் எடை 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. ஏர் பிஸ்டலின் 500 கிராமுக்குப் பழகிய விரலுக்கு அது மலையாகத் தெரியும். பழக ஒரு மாதம் கொடுங்கள். போட்டி அன்று எடை வைத்துச் சோதிப்பார்கள். சரியாக 1000இல் வைத்துவிட்டு நகத்தைக் கடிக்காமல் கொஞ்சம் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இடக்கைக்காரர்களுக்கு

நல்ல மேட்ச் பிஸ்டல்களுக்கு இடக்கை கிரிப் கிடைக்கிறது, ஆகவே கையைப் பற்றிக் கவலை இல்லை. காலித் தோட்டா வலப்பக்கம் தெறிக்கும் மாடல் என்றால் உங்கள் முகத்துக்குக் குறுக்கே போகும். கண்ணாடி, தொப்பி விளிம்பு இரண்டும் அவசியம். போல்ட், சேஃப்டி விசைகள் எந்தப் பக்கம் என்று மட்டும் வாங்கும் முன் பாருங்கள். ஹங்கேரியின் காரோய் தகாச்சின் வலக்கையை 1938இல் கையெறிகுண்டு சிதைத்தது. இடக்கையில் புதிதாகக் கற்று, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயர் தங்கம் வென்றார். “எனக்கு இடக்கை சார், கஷ்டம்” என்று யாராவது ஆரம்பித்தால் கோச்சுகள் இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். தப்பிக்க முடியாது.

வலக்கையால் சுட்டு இடக்கண்ணால் குறிபார்ப்பவர்களுக்குக் கிரிப் மாற்றுவதால் எதுவும் ஆகாது. தலையை மூக்குத் தாண்டி வளைக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். வளைத்தால் கழுத்து சொல்லும்.

மாற்றங்களை எப்படிச் செய்வது

குறைப்பதற்கு முன் சேருங்கள், நிரந்தரமாகச் சேர்ப்பதற்கு முன் தற்காலிகமாகச் சேருங்கள். சைக்கிள் டியூப் ரப்பர் துண்டு, மருந்துக் கடைத் துணி டேப், குழந்தைகளின் களிமண், இவற்றில் எதையாவது ஒட்டி ஐம்பது குண்டு சுட்டுப் பாருங்கள். சரி என்று நிச்சயமானால் எம்-சீல் அல்லது மரப் புட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளில் தேய்த்து உருக்கொடுங்கள். ஒரு நாளில் ஒரு மாற்றம். இரண்டு மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான் கிரிப்பின் மேல் பென்சிலால் தேதி எழுதி, போனில் படம் எடுத்து வைப்பது வழக்கம். கைக்கு மறந்துவிடும், படத்துக்கு மறக்காது.

விதிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 25 மீட்டர் பிஸ்டலில் கிரிப் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. உள்ளங்கைத் தாங்கி கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். விளிம்பு மேலே வளைந்து கையைப் பிடிக்கக் கூடாது. கட்டைவிரல் மேலே எழும்பத் தடை இருக்கக் கூடாது. கவட்டைக்கு மேல் படியும் பகுதி 30 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மொத்தத் துப்பாக்கியும் 300க்கு 150க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அகலமான கிரிப் இந்த 50இல்தான் மாட்டும். புட்டி வைத்துக்கொண்டே போகிறவர்கள் ஓர் அட்டைப் பெட்டி செய்து வைத்துக்கொள்ளலாம். விதிகள் அவ்வப்போது மாறும், போட்டிக்கு முன் அந்த ஆண்டின் புத்தகத்தைப் பாருங்கள். 50 மீட்டர் பிஸ்டலின் பழைய கிரிப்புகள் கையையே போர்த்திக்கொள்ளும். 2016 ரியோவுக்குப் பிறகு அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இல்லை என்பதால் அவை இரண்டாம் கைச் சந்தையில் கிடைக்கும். அழகாக இருக்கும். 25 மீட்டருக்கு உதவாது.

வாங்கியே ஆகிவிட்டது என்றால், துப்பாக்கியோடு வந்த கிரிப்பைத் தொடாமல் பெட்டியில் வைத்துவிட்டு, அரம் பிடிக்க இன்னொரு கிரிப் வாங்குங்கள். துப்பாக்கியை விற்கும் நாள் வரும்போது வாங்குபவரின் கை வேறாக இருக்கும்.